ஐந்தாம் எண்ணிக்கையில் ஊன்றுகோல்: எல்லோருக்குமான ஓர் இசைநாடக நடன வகுப்பு

முதல் வகுப்பில் நாங்கள் செய்தது நடை மட்டுமே. நெடுநாள் காணாத ஒருவரைத் தேடிப் போகிறவரைப் போல, கூடத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு எட்டு எண்ணிக்கையில் நடக்க வேண்டும். பின்னர் அதே எட்டு எண்ணிக்கையில், தேடிப் போனவர் அங்கே இல்லை என்று அறிந்தவரைப் போலத் திரும்பி வர வேண்டும். எழுபது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் ஊன்றுகோலுடன் வந்திருந்தார். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கியவர், கோலை மரத்தரையில் ஒருமுறை தட்டிவிட்டு மேலே நடந்தார். அந்தத் தட்டு சரியாக ஐந்தாம் எண்ணிக்கையில் விழுந்தது. ஆசிரியை உடனே இசையை நிறுத்தி, "இனி எல்லோரும் ஐந்தில் நின்று, தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தொடருங்கள்" என்றார். பன்னிரண்டாம் வாரம் நாங்கள் ஆடிக் காட்டிய நடனத்திலும் அந்த நிறுத்தம் அப்படியே இருந்தது.

எந்த வயதினரும் எந்தத் திறனினரும் சேரலாம் என்று அறிவிக்கும் நடன வகுப்புகள் பல உண்டு. நான் முன்பு சென்ற இரண்டில், வேகமாக ஆடுபவர்கள் முன்வரிசையில் நிற்க, இயலாதவர்கள் ஓரத்தில் ஓர் எளிய வடிவத்தைத் தாமே கண்டுபிடித்துச் செய்ய வேண்டியிருந்தது. சேர்த்துக்கொள்வதற்கும் கற்பிப்பதற்கும் உள்ள இடைவெளி அங்கேதான் தெரிந்தது. இந்த வகுப்பில் ஒவ்வோர் அடியும் நின்று ஆடும் வடிவிலும் அமர்ந்து ஆடும் வடிவிலும் ஒரே நேரத்தில் கற்பிக்கப்படுகிறது. உதவி ஆசிரியர் ஒருவர் வகுப்பு முழுவதும் நாற்காலியில் அமர்ந்தே ஆடிக் காட்டுகிறார். ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து, பின்னே, பக்கவாட்டில், முன்னே என நான்கு அடிகளில் தரையில் சதுரம் வரையும் ஜாஸ் ஸ்கொயர் இசைநாடக நடனத்தின் முதற்பாடங்களில் ஒன்று. அமர்ந்திருப்பவர்கள் அதே சதுரத்தை முன்கைகளால் வரைகிறார்கள். தோள் திரும்பும் திசையும், பார்வை போகும் இடமும், எண்ணிக்கையும் இருவருக்கும் ஒன்றே என்பதால், கண்ணாடியில் பார்க்கும்போது கூடம் முழுவதும் ஒரே நடனம்தான் தெரிகிறது.

இது எப்படி இயல்கிறது என்பதற்கு விடை இந்த நடன வகையின் உள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். பாட்டும் வசனமும் நடனமும் சேர்ந்து கதை சொல்லும் இசைநாடக மேடையில் ஓர் அடி அழகாக இருந்தால் மட்டும் போதாது. பாத்திரம் எதை விரும்புகிறது, எதற்கு அஞ்சுகிறது என்பதை அது சொல்ல வேண்டும். 1943இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் அரங்கேறிய ஓக்லஹோமா என்ற இசைநாடகத்தில் நடன அமைப்பாளர் ஆக்னஸ் டி மில், கதாநாயகியின் மனக்குழப்பத்தையும் அச்சத்தையும் நீண்டதொரு கனவு நடனமாகவே அமைத்தார். அதற்கு முன்பும் கதையோடு இயைந்த நடனங்கள் இருந்தன என்றாலும், பின்னால் வந்த நாடகங்களுக்கு அது வழிகாட்டியாயிற்று. அடியின் அளவுகோல் பாத்திரத்தின் மனம் என்று ஆனபின், கால் எவ்வளவு உயரம் எழுகிறது என்ற கேள்விக்கு முதலிடம் இல்லை. எங்கள் வகுப்பில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தேடிப் போனவர் இல்லை என்று திரும்பும் அந்த நடையில் தன் பாதங்களையே பார்த்தபடி வந்தபோது, பயிற்சி பெற்ற எங்களில் எவரும் அவளுக்கு அருகில் வர முடியவில்லை.

அமெரிக்க நடன அமைப்பாளர் பாப் ஃபாஸியின் பாணியைக் கற்ற மூன்று வாரங்களே எனக்கு மிகவும் பிடித்தவை. உள்நோக்கித் திரும்பிய முழங்கால்கள், கூனிய தோள்கள், சாய்த்து அணிந்த தொப்பி, விரல் நுனிவரை ஓடும் சிறு அசைவு ஆகியவை அவருடைய அடையாளங்கள். தம் பாதங்கள் உள்நோக்கித் திரும்பியிருந்ததையும், தலைமுடி உதிர்ந்ததால் தொப்பி அணிந்ததையும் அவர் மறைத்து ஒதுக்கவில்லை. அவற்றிலிருந்தே ஒரு நடன மொழியை உண்டாக்கினார். ஆசிரியை இதைக் கதையாகச் சொல்வதோடு நிற்காமல், உங்கள் உடலில் எது எளிதாக உள்ளே திரும்புகிறது, எது சாய்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அங்கிருந்தே அவரவர் நிலையை அமைத்துத் தந்தார். சிறு வயதில் சில ஆண்டுகள் பரதநாட்டியம் பயின்றவன் என்பதால், தலை, தோள், விலா, இடுப்பு ஆகியவற்றைத் தனித்தனியே அசைக்கும் ஐசொலேஷன் பயிற்சி எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. மேடை ஜாஸ் நடனத்தின் முன்னோடியான ஜாக் கோல், பரதநாட்டிய அசைவுகளை ஜாஸின் ஒரு வகையான ஸ்விங் இசைக்கு இயைத்து ஆடியவர் என்பதைப் பின்னர் அறிந்தபோது அதன் காரணம் விளங்கியது.

எனக்கு இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. துள்ளல் உள்ள இடங்களில் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றினால் போதும் என்று சொல்லித் தந்தார்கள். வலி இல்லாமல் பன்னிரண்டு வாரமும் ஆட முடிந்தது. எனக்கு எடுத்துக்காட்டாக இருந்தவர், வெஸ்ட் சைட் ஸ்டோரி இசைநாடகத்தின் முதல் அரங்கேற்றத்தில் அனிட்டா என்ற பாத்திரமாக ஆடிய சீட்டா ரிவேரா. அவர் 1986இல் கார் விபத்தொன்றில் காலில் பல எலும்பு முறிவுகளுக்கு ஆளாகி, உலோகத் திருகுகளால் பொருத்தப்பட்ட அந்தக் காலுடன் மேடைக்குத் திரும்பி 1993இல், பிராட்வே நாடகங்களுக்கு வழங்கப்படும் டோனி விருது பெற்றவர். எங்களுடன் சக்கர நாற்காலியில் ஆடிய இளைஞர் எடுத்துக்காட்டாகச் சொன்னதோ அலி ஸ்ட்ரோக்கரை. 2015இல் பிராட்வே மேடையேறிய, சக்கர நாற்காலி பயன்படுத்தும் முதல் நடிகர் அவர். 2019இல் டோனி விருதும் பெற்றார், அதுவும் ஓக்லஹோமாவின் மறு அரங்கேற்றத்துக்காக. அந்த இளைஞர் சக்கரத்தை ஒரு கையால் நிறுத்தி மறுகையை விரித்துச் சுழலும் அசைவை வகுப்புக்குள்ளேயே கண்டுபிடித்தார். அது நடனத்தின் நடுப்பகுதியாயிற்று. நின்று ஆடியவர்கள் நாங்கள் அவருடைய சுழற்சியின் வேகத்துக்கு எங்கள் திருப்பத்தை இயைக்கக் கற்றுக்கொண்டோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கியின் அளவு மிக அதிகம். செவித்துணைக் கருவி அணிந்திருந்த ஒருவர் இரண்டு முறை வெளியே சென்றுவிட்டார். ஆசிரியை விரல்களால் எண்ணிக்கையைக் காட்டத் தொடங்கியது ஐந்தாம் வாரத்தில்தான். முதல் நாளிலிருந்தே செய்திருக்கலாம். உடை மாற்றும் அறையின் வாசலில் ஒரு படி இருக்கிறது, சாய்தளம் இல்லை. கூடத்துக்குள் இத்தனை கவனமாக இருப்பவர்கள் கதவருகே இதைக் கவனிக்காமல் விட்டது வருத்தம் தந்தது. கடைசி மூன்று வாரங்களில் நிகழ்ச்சியை முடிக்கும் அவசரமும் புகுந்துவிட்டது. புதிய அடிகளை ஒருமுறை காட்டிவிட்டு நகர்ந்ததால், மெதுவாகக் கற்பவர்கள் திணறினார்கள். நடனத்தில் முப்பத்திரண்டு எண்ணிக்கையைக் குறைத்திருந்தால் எவருக்கும் இழப்பில்லை.

துல்லியமான நுட்பத்தையும் தொழில்முறை மேடைப் பயிற்சியையும் நாடுபவர்களுக்கு இது போதாது. அவர்கள் தேர்வு வைத்துச் சேர்க்கும் வகுப்புகளுக்குச் செல்வதே நல்லது. ஆடும் ஆசை இருந்தும் உடலைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டு வருபவர்கள் தயங்காமல் சேரலாம். வழுக்காத மெல்லிய அடிப்பாகம் கொண்ட காலணி தேவை என்பதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை, ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். அடுத்த பயிற்சித் தொடருக்கு என் பெயரோடு அம்மாவின் பெயரையும் கொடுத்திருக்கிறேன். நாற்காலி வரிசையில் முன்னால் இடம் வேண்டும் என்பது மட்டுமே அவர் வைத்த நிபந்தனை.