தோளில் அமரும் பூனை: ஆட்டன் 16 எம்எம் கேமரா

பிரான்சின் கிரெனோபிள் நகரில் ழான்-பியேர் பொவியாலா 1970களில் வளர்த்தெடுத்த ஆட்டன் நிறுவனத்தின் 16 எம்எம் (16 மில்லிமீட்டர் அகல ஃபிலிமில் படம்பிடிக்கும்) சினிமா கேமராவை, தோளில் அமரும் பூனை என்று சொல்வதில் மிகையே இல்லை. மரக் கைப்பிடியைப் பற்றித் தோளில் வைத்ததும் எடை தானாகச் சமன்படுகிறது. ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும் 400 அடிச் சுருள் தீர்ந்தால், முன்பே ஃபிலிம் ஏற்றிவைத்த மேகசினை (சுருளை வைக்கும் பெட்டியை) நொடிகளில் மாற்றிவிடலாம். ஒலிநாடாவுடன் படத்தை ஒத்திசைக்க உதவும் நேரக்குறியீட்டை, கண்ணால் படிக்கத்தக்க எண்களாகவே ஃபிலிமின் ஓரத்தில் பதிக்கும் வசதி ஒன்றுக்காகவே (எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்) இதை வாங்கலாம்.

டிஜிட்டல் அலையில் ஃபிலிம் கேமராக்களின் விற்பனை சரிந்து, மாற்றாக உருவாக்கிய டிஜிட்டல் பெனலோப் கேமராவும் சென்சார் சிக்கலால் சந்தையை எட்டாத நிலையில், 2013இல் நிறுவனம் கைமாறியது. ஆட்டனின் கான்டார் ஒலிப்பதிவுக் கருவி புதிய உரிமையாளரிடம் தொடர்ந்தது. பழைய கேமராவை வாங்குவோர், விலை பேசுமுன் பழுதுபார்க்கத் தெரிந்தவரைத் தேடிக்கொள்வது நல்லது.