புன்னை எண்ணெயும் என் இடது கன்னமும்

"முகத்துல தேய்க்கவா கேக்கிய? அப்ப வேண்டாம்மா."

எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர் தன் கடை எண்ணெயை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். திருநெல்வேலி டவுனில், தெற்கு ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கிற மரச்செக்குக் கடை. குறையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன் என்பதால் பெயரைச் சொல்லவில்லை. செக்குச் சத்தத்தையும் எள்ளுப் புண்ணாக்கு வாசத்தையும் பிடித்துக்கொண்டு போனால் தானாகவே கடை வந்துவிடும். ஆனித் தேரோட்டம் நேரத்தில் மட்டும் போகாதீர்கள், சந்துக்குள் கால் வைக்க முடியாது.

எனக்குச் சமாதானபுரத்தில் தையல் கடை. வயது 34. எட்டாம் வகுப்பில் ஆரம்பித்த பரு. கல்யாணம் ஆனால் போய்விடும் என்றார்கள், பிள்ளை பிறந்தால் போய்விடும் என்றார்கள். பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பு. பிளவுஸுக்கு அளவெடுக்கும்போது வாடிக்கையாளர் முகத்துக்கும் என் முகத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி, தலைக்கு மேலே டியூப் லைட் வேறு. அளவு எழுதி முடிப்பதற்குள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிடுவார்கள். "வேப்பெண்ணெய் போட்டுப் பாத்தியளா?" "குங்குமாதி போடுங்கக்கா." "எங்க ஆச்சி வெளக்கெண்ணெய்தான் தேய்ப்பா, சாகுற வரைக்கும் மொகத்துல ஒரு புள்ளி கெடையாது." அந்த ஆச்சிக்கு முதலில் பரு இருந்ததா என்று கேட்டால் பதில் வராது.

இப்படிக் கேட்டுக் கேட்டு இரண்டு வருஷத்தில் ஆறு எண்ணெய் வாங்கியிருக்கிறேன். மோசமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் சாரல் சீசனில் குற்றாலம் போயிருந்தோம். அருவிக்குப் போகிற வழியில் ஒருவர் பச்சை நிறக் குப்பிகளை அடுக்கி வைத்து, பருவுக்கும் தழும்புக்கும் பதினெட்டு மூலிகை போட்டுக் காய்ச்சிய தைலம் என்று விற்றார். 150 ரூபாய். லேபிளில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை, தேதியும் இல்லை. குளித்துவிட்டு வந்த குளிர்ச்சியில் இதெல்லாம் கண்ணில் படவில்லை. ராத்திரி பூசிக்கொண்டே படுத்தேன். நாலாம் நாள் நெற்றியிலும் தாடை ஓரத்திலும் வேர்க்குரு மாதிரி பொரிப் பொரியாக வந்தது. எல்லாம் ஒரே அளவு, அரிப்பு தாங்கவில்லை. "விஷம் வெளியேறுது, இன்னும் போடு" என்று மைனி சொன்னாள், நானும் இன்னும் ஒரு வாரம் போட்டேன். அதுதான் நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம்.

பாளையங்கோட்டையில் தோல் டாக்டரிடம் போனபோது, இது பருவே இல்லை என்றார். எல்லார் தோலிலும் மலசீசியா என்று ஒரு பூஞ்சை இருக்குமாம். தோலில் உள்ள கொழுப்புதான் அதற்குச் சாப்பாடு. வியர்வையும் புழுக்கமும் உள்ள ஊரில் மேற்கொண்டு எண்ணெயும் ஊற்றினால் மயிர்க்காலுக்குள் பெருகிவிடும். பூஞ்சையை அடக்குகிற கீட்டோகோனசோல் க்ரீம் எழுதிக் கொடுத்தார், மூன்று வாரத்தில் அடங்கியது. ஒரே அளவில் அரிக்கிற பொரிகள் வந்தால் எண்ணெயை உடனே நிறுத்துங்கள், என்னை மாதிரி ஒரு வாரம் கூட்டிப் போடாதீர்கள்.

அதே டாக்டர்தான் தலைக்கு எண்ணெய் வைப்பீர்களா என்று கேட்டார். தினமும் காலையில் உச்சியிலிருந்து வழிய வழியத் தேங்காயெண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டுதான் கடைக்குப் போவேன். அது நெற்றிக்கு இறங்கித் துவாரங்களை அடைக்கிறது என்றார். தலைமுடிக் களிம்பு பூசுகிறவர்களுக்கு நெற்றியில் வருகிற பருவுக்கு 1970-லேயே 'பொமேட் அக்னே' என்று வெளிநாட்டில் பெயர் வைத்துவிட்டார்களாம். சனிக்கிழமை மட்டும் எண்ணெய் வைத்துத் தலைக்குக் குளிப்பது என்று மாற்றினேன். இரண்டு மாதத்தில் நெற்றி தெளிந்தது. ஆறு எண்ணெய் பூசிக் கிடைக்காதது ஒரு எண்ணெயை விட்டதில் கிடைத்தது. அம்மாவுக்கு இன்றைக்கும் இது பிடிக்கவில்லை, தலை காய்ந்து கிடக்கிறது என்று புலம்புகிறாள்.

வேப்பெண்ணெய் வாடை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கிருமியை அடக்கும் என்பது சரிதான், ஆனால் அப்படியே பூசினால் எனக்குக் கன்னம் எரிந்து சிவந்தது. நல்லெண்ணெயில் பத்துக்கு ஒரு பங்கு கலந்தால் எரிச்சல் இல்லை, பெரிய பலனும் இல்லை. மிச்சத்தை ரோஜாச் செடிக்குத் தெளித்துவிட்டேன், செடிக்கு நன்றாகவே வேலை செய்தது. வேப்பெண்ணெய் வீட்டில் இருந்தால் கைக்குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உள்ளே போனால் ஆபத்து, வயிற்றுப் பூச்சிக்கு என்று சொட்டுக்கூடப் புகட்டக் கூடாது. விளக்கெண்ணெய் பசை, தலையணையில் முடியும் தூசியும் ஒட்டியதுதான் மிச்சம். குங்குமாதி தைலத்தில் குங்குமப்பூவைவிட அதைக் காய்ச்சிய நல்லெண்ணெய்தான் பெரும்பங்கு. 10 மில்லிக்கு நான் கொடுத்த விலையில் இரண்டு பிளவுஸ் தைத்துக் கூலி வாங்கியிருக்கலாம்.

டீ ட்ரீ எண்ணெய் ஆஸ்திரேலியச் சரக்கு. 1990-இல் அங்கே 124 பேரிடம் ஒரு பரிசோதனை செய்து, 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லும் வழக்கமான பரு மருந்தான 5 சதவீத பென்சாயில் பெராக்சைடும் இரண்டுமே பருவைக் குறைக்கின்றன, டீ ட்ரீ மெதுவாக வேலை செய்கிறது, ஆனால் எரிச்சல் குறைவு என்று கண்டார்கள். அந்த 5 சதவீதத்தைக் கவனியுங்கள். நான் நூறு சதவீதக் குப்பியைத் திறந்து பஞ்சில் தொட்டு அப்படியே வைத்தேன், தோல் உரிந்தது.

சரி, செக்குக் கடைக்கு வருவோம்.

அங்கே நான் போனது புன்னை எண்ணெய்க்காக. ஒரு காலேஜ் பிள்ளை சுடிதார் தைக்க வந்தபோது பையிலிருந்து 'தமனு ஆயில்' என்று ஒரு குப்பியை எடுத்துக் காட்டினாள். 30 மில்லி, 600 ரூபாய்க்குப் பக்கம். பருத் தழும்புக்கு தாஹித்தித் தீவில் இதைத்தான் பூசுவார்களாம். குப்பியின் பின்னால் பொடி எழுத்தில் கலோஃபில்லம் இனோஃபில்லம் என்று தாவரப் பெயர் இருந்தது. போனில் தேடினால் நம்ம புன்னை! கடற்கரைப் பக்கம் வெளவால் கடித்துப் போட்ட காயைப் பொறுக்கிக் கோலி விளையாடுவோமே, அதே மரம். அந்த எண்ணெயில் விளக்கு எரிப்பார்கள், வள்ளத்துக்குப் பூசுவார்கள், தாத்தா முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்வார்.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, மேலே எழுதினேனே, அந்தக் கேள்வியைக் கேட்டார். பரு இருக்கிற இடத்தில் புன்னை எண்ணெய் கனம் என்றார். "ஆறின தழும்புன்னா கொண்டு போங்க. பழுத்துக்கிட்டு இருக்கிறதுல போட்டுட்டு எங்கிட்ட வந்து நிக்காதிய." என் வலது முழங்கையின் கீழே இஸ்திரிப் பெட்டி சுட்டு, ஆறி இரண்டு மாதமான தழும்பு ஒன்று தடிப்பாக இருந்தது. அதைக் காட்டினேன். "இதுக்குப் போடுங்க" என்று 50 மில்லி மட்டும் ஊற்றிக் கொடுத்தார். 90 ரூபாய். நான் கேட்டது 200 மில்லி.

கொட்டையை உடைத்துப் பருப்பை வாரக்கணக்கில் வெயிலில் காயப் போட்டால்தான் எண்ணெய் விடுமாம். பச்சைப் பருப்பு வெள்ளையாக இருக்கும், காயக் காயச் சிவந்து பிசுபிசுப்பாகும். ஆட்டிய எண்ணெய் கரும்பச்சை. இரண்டு நாள் கசடு அடங்கவிட்டு, மேலே தெளிந்ததைத் துணியில் வடிகட்டி ஊற்றுகிறார். வாசம் பழைய கோயில் உள்பிரகாரம் மாதிரி. தங்கச்சி மகன் என் பக்கத்தில் படுத்துவிட்டு, "பெரியம்மா மேல அம்மன் கோயில் வாடை" என்றான். தலையணை உறையில் பச்சைக் கறை விழும், துவைத்தாலும் போகாது. பழைய சேலைத் துண்டு விரித்துக்கொள்ளுங்கள்.

கைத் தழும்பில் ராத்திரி இரண்டு சொட்டு விட்டு ஐந்து நிமிஷம் விரலால் அழுத்தித் தேய்த்தேன். இரண்டரை மாதத்தில் தடிப்பு பாதியாகக் குறைந்தது, இழுவையும் அரிப்பும் போய்விட்டது. எண்ணெய்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தழும்பை அழுத்தித் தேய்த்தாலே இளகும், எண்ணெய் இல்லாமலும் சொல்லிக் கொடுப்பார்கள், நாளாக ஆகத் தானாகவும் அடங்கும். ஆனால் வெறும் விரலால் ஐந்து நிமிஷம் தேய்க்க என்னால் முடியாது.

அண்ணாச்சி பேச்சை முழுசாகவும் கேட்கவில்லை. முகத்தில் பரு அடங்கியிருந்த ஒரு சமயம் பார்த்து, இடது கன்னத்தில் மட்டும் போட ஆரம்பித்தேன். முதலில் காதுக்குப் பின்னால் மூன்று நாள் தடவிப் பார்த்துவிட்டுத்தான். கொட்டை வகை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது தடித்துப் போகலாம். முகம் கழுவி, ஈரம் இருக்கும்போதே ஒரே சொட்டு, அரை மணி நேரத்தில் கழுவிவிடுவேன். வலது கன்னத்துக்கு ஒன்றும் இல்லை. பருவுக்கு டாக்டர் கொடுத்த அடாபலீன் ஜெல்லும் பகலில் சன்ஸ்கிரீனும் இரண்டு கன்னத்துக்கும் உண்டு.

மூன்று மாதம் கழித்து, கடை டியூப் லைட்டுக்குக் கீழே, அளவெடுக்கிற இடத்திலேயே நின்று போட்டோ எடுத்துப் பார்த்தேன். பரு போன இடத்துப் பழுப்புக் கறை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கியிருந்தது. புன்னைக்கு அதில் பங்கு இருப்பதாகத் தெரியவில்லை. அந்தக் கறை வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் தானே மங்கும். இந்த ஊர் வெயிலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் எந்த எண்ணெய் போட்டும் புண்ணியமில்லை. அடாபலீன் போட்டால் தோல் வறண்டு உரியும், அது இடது பக்கம் குறைவாக இருந்தது. பவுடர் திட்டுத்திட்டாக நிற்கவில்லை. பதிலுக்கு இடது தாடையில் இரண்டு புதுப் பரு. வலது பக்கம் ஒன்றும் வரவில்லை.

குழிகள் அப்படியே இருக்கின்றன. கன்னத்தில் மொத்தம் ஒன்பது, எனக்கு ஒவ்வொன்றும் மனப்பாடம். பரு உள்ளே பழுத்தபோது அடித்தோலில் இருக்கிற கொலாஜன் இழை அழிந்து, மேல்தோல் உள்வாங்கியதுதான் குழி. மேலே பூசுகிற எண்ணெய் அந்த ஆழத்தில் போய் இழை நெய்யாது. எந்த எண்ணெய்க் குப்பியிலாவது 'குழித் தழும்பு மறையும்' என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிட்டு வாருங்கள். அதற்கு மைக்ரோநீட்லிங் (நுண்ணிய ஊசியால் தோலைக் குத்துவது), லேசர் என்று டாக்டரிடம்தான் போக வேண்டும். ஒரு தடவைக்கு டாக்டர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, தீபாவளித் தையல் முடியட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறேன்.

கடையின் குறைகள். குப்பியில் ஆட்டிய தேதி எழுதுவதில்லை. நான் இரண்டாவது தடவை வாங்கிய புன்னை எண்ணெயில் சிக்கு வாடை அடித்தது. திருப்பிக் கொண்டுபோனேன், மோந்து பார்த்துவிட்டு முகம் சுண்டி, மறுபேச்சு இல்லாமல் காசைக் கொடுத்தார். ஆனால் முதலிலேயே மோந்து பார்த்துத்தானே விற்றிருக்க வேண்டும்? பிளாஸ்டிக் குப்பியில்தான் ஊற்றுகிறார், கண்ணாடிக் குப்பி வேண்டுமென்றால் கழுவிக் காயவைத்து நாமே கொண்டுபோக வேண்டும். ஒன்றரை மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலரைக்குத்தான் திறப்பார். போனில் காசு அனுப்பலாம், ஆனால் வந்த சத்தம் கேட்காமல் குப்பியைக் கையில் தர மாட்டார்.

சமையலுக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கருப்பட்டி போட்டு ஆட்டுகிற நல்லெண்ணெய் இங்கே பிரமாதம். இட்லிப் பொடிக்கு ஊற்றினால் வீட்டில் பேச்சு வராது. என் ஆறு எண்ணெயும் தராத முழுத் திருப்தியைத் தந்தது, முகத்தில் படாத இந்த ஏழாவதுதான்.

பரு அதிகமாக இருந்து டாக்டர் ஃபீஸுக்கு யோசிக்கிறவர்கள் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் காலையில் போய்க் காட்டலாம். 1964-இலிருந்து இருக்கிற கல்லூரி. எண்ணெய் வைத்தியம்தான் பிடிக்கும் என்றாலும், தோலைப் பார்த்து ஒருவர் எழுதிக் கொடுப்பதும் அருவிக்கரையில் குப்பி வாங்குவதும் ஒன்றில்லை.

போன வாரம் போனபோது புன்னை எண்ணெய் தீர்ந்துவிட்டது. அடுத்த காய் காய்ந்து வந்தால்தான் ஆட்டுவேன் என்றார். பரவாயில்லை, என் குப்பியில் இன்னும் கால்வாசி இருக்கிறது. நேற்று பாவாடை மடிப்புத் தேய்க்கும்போது இடது கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டேன், ஆறினால் அதற்கு ஆகும்.