90 நாளில் பேச்சு வரும் என்று முன்பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் மகன் 17 மாதத்தில் 9 வார்த்தைகள் சொன்னான்; தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் என் மனைவி அவற்றைத் தேதியோடு குறித்து வைத்திருந்ததால் இதை உறுதியாகச் சொல்கிறேன். அம்மா, பூ, ஜீப்பு, வேலியோரம் மேய வரும் காட்டெருமைக்குக் ‘காட்டி’. 20 மாதம் நிறைவதற்குள் ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் காட்டியும் நின்றுபோயிற்று. ஒரு மாலை பெரிய காட்டெருமை ஒன்று வேலியை உரசிக்கொண்டு நிற்க, அது மூச்சுவிடும் சத்தம் திண்ணை வரை கேட்டது. அவனோ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஜீப்பு பொம்மையைக் கவிழ்த்து அதன் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருந்தான்.

மலையிலுள்ள ஒரு தனியார் பேச்சுப் பயிற்சி மையத்தின் பிளெக்ஸ் பலகையை நம்பி அவனை அங்கே சேர்த்தோம். பொறுப்பாளர் அவனை ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “ஆண் பிள்ளைகள் லேட்டாகத்தான் பேசுவார்கள், 90 நாளில் பேச வைக்கிறேன்” என்று சொல்லி 48,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். காலண்டர் தாளைக் காட்டி, இவன் தாமதமாகப் பேசுகிறவன் அல்ல, பேசி நிறுத்தியவன் என்று என் மனைவி சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. செவித்திறன் சோதனைக்கு எழுதித் தரவில்லை, பெற்றோரை உள்ளே விடவும் இல்லை. 90 நாள் முடிந்ததும் ‘இரண்டாம் கட்டம்’ என்று மேலும் 20,000 ரூபாய். ஒருநாள் மழைக்கு முன்னதாகவே அழைக்கப் போனபோது, மூன்று குழந்தைகள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்க, ஆசிரியை போனில் பேசிக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சரியாகக் கேட்டவர், அங்கன்வாடிக்கு வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தை நலத் திட்ட மருத்துவக் குழுவின் செவிலியர்தான். “முன்னால் சொன்ன வார்த்தையை இப்போது சொல்வதில்லையா?” என்று கேட்டு, அன்றே, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சோதிக்கும் அரசு மையமான மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சொன்ன வார்த்தைகளை இழப்பது எந்த வயதிலும் காத்திருந்து பார்க்கக் கூடியதல்ல என்பதையும், காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவது, ஆட்டிசம், அபூர்வமாக வலிப்பு நோய் ஆகியவற்றை அடுத்தடுத்துச் சோதிக்க வேண்டும் என்பதையும் அங்கிருந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் என்ற 20 கேள்விப் படிவத்தை நிரப்பினோம்; கோயம்புத்தூரில் குழந்தையைத் தூங்க வைத்து எடுத்த பெரா என்ற செவித்திறன் சோதனையில் காது நன்றாக இருந்தது; அதன் பிறகே ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். அதற்குள் அவனுக்கு 26 மாதம் ஆகிவிட்டது. பயிற்சி மையத்தில் வீணாக்கிய ஐந்து மாதத்தை நினைத்தால் பணம் போனது பெரிதாகத் தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சி தருபவர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அதன் இணையதளத்தில் சரிபார்க்கலாம். நாங்கள் கேட்டிருந்தால், சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருந்தது 15 நாள் பயிற்சிச் சான்றிதழ் என்பது அன்றே தெரிந்திருக்கும். பதிவில்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதம் அவர்கள் வாங்கும் இரண்டு நாள் கட்டணத்துக்குக்கூட ஈடாகாது!

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் ரசீதை உற்றுப் பார்த்தோம்: ‘நன்கொடை’ என்று இருந்தது. கட்டணம் பெற்ற சேவை என்று நிரூபித்தால்தான் நுகர்வோர் வழக்கு நிற்கும் என்று வழக்கறிஞர் சொன்னதால், ‘இரண்டாம் கட்டக் கட்டணம்’ என்று அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் ஜிபே பதிவையும் எடுத்து வைத்திருக்கிறோம். 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. எங்கள் மனு தயாராகிறது. இதற்கிடையே அந்த மையம் பெயரை மாற்றிக்கொண்டு, பழைய பலகையில் இருந்த அதே குழந்தையின் படம் போட்ட பிளெக்ஸை அடுத்த ஊர் பஸ் ஸ்டாண்டில் கட்டியிருக்கிறது.