ஆயில் மூடியில் ஒரு வெப்பமானி

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவு. வேகமில்லாமல் சின்ன கியரிலேயே ஏறும்போது பைக்கின் ஏர்கூல்டு (காற்றால் குளிரும்) என்ஜினுக்குக் காற்று போதாது, ஆயில் ரொம்பச் சூடாகும். ஆயில் மூடிக்குப் பதிலாகத் திருகும், ஆயில் சூட்டை முள்ளால் காட்டும் மீட்டர் இதற்கு அருமையான பொருள். மரையின் விட்டம், பிட்ச் (புரிகளின் இடைவெளி) இரண்டையும் பார்த்தே வாங்குங்கள். மீட்டருக்குக் கீழே நீளும் கம்பியின் நுனி ஆயிலில் முங்காவிட்டால் உள்காற்றின் சூட்டைத்தான் காட்டும். நீளம் கூடினால் உள்ளே உரசும்.

கொதிநீரில் சோதியுங்கள்: கோவையில் 98, 99 டிகிரி காட்டணும், ஊட்டி உயரத்தில் 93 பக்கம்தான் வரும். ஓரிங்கில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஆயில் தடவிக் கையால் இறுக்குங்கள், ஸ்பேனர் போட்டால் அலுமினிய மரை போச்சு. 90 முதல் 120 வரை நிம்மதி; 130 தாண்டினால் நிழலில் நிறுத்துங்கள்.

ஒரே குறை, ஓட்டும்போது பார்க்க முடியாது. ஆயில் அளவு பார்க்க, அளவுக்கம்பி உள்ள பழைய மூடியைப் பத்திரமாக வையுங்கள்.