லீவில் எந்தத் தலைமைத்துவ முகாம்? வன்னிப் பிள்ளைகளுக்காக ஓர் அலசல்

ஓகஸ்ட் லீவு கிட்ட வந்தால் போதும், கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டி "சேர், இந்த காம்ப் நல்லதா?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். வணிகப் பாடம் படிப்பிக்கும் என்னிடம் கேட்பது நியாயம்தான். சில வீடுகளில் கனடாவில் இருக்கும் மாமா காசு கட்டத் தயார், எதில் சேர்வது என்பதுதான் கேள்வி. வேறு சில வீடுகளில் அப்படி ஒரு மாமா இல்லை, ஆனால் பிள்ளைக்கு ஆசை அதே அளவு இருக்கிறது. இரண்டு வீட்டையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். முகாம் சான்றிதழ் இருந்தால் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் இடம் சுலபமாகும் என்று நம்பும் பெற்றோர் பலர். அப்படி எதுவும் இல்லை. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிதான் (பாடங்களுக்கிடையே ஒப்பிடக்கூடியதாகச் சீராக்கிய புள்ளி) கணக்கு. இடங்கள் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம் என்று பிரிகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. இதில் சான்றிதழுக்கு இடமே இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பவருக்கு மட்டும் ஓரளவு பயன் உண்டு. அங்கேயும் முகாமின் பெயரை விட, பிள்ளை என்ன செய்தது என்பதைத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே நான் மூன்று கேள்விகளை வைத்துத்தான் பார்க்கிறேன். பிள்ளையின் கையில் உண்மையான காசு புழங்குமா? முன்பின் தெரியாத ஒருவர் "வேண்டாம்" என்று சொல்லும் நிலைமை வருமா? முகாம் முடிந்த பிறகு, "அப்புறம் என்ன செய்தாய்?" என்று கேட்க யாராவது இருப்பார்களா?

அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் கோடை முகாம்களை முதலில் எடுப்போம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் வோர்ட்டன் வணிகப் பள்ளி, பாடசாலை மாணவருக்கென்றே கோடையில் வகுப்புகள் நடத்துகிறது. கற்பித்தல் தரமானது, பல நாட்டுப் பிள்ளைகளோடு பழகலாம். ஆனால் கட்டணம் ஆயிரக்கணக்கான டொலர். ஒரு டொலர் 300 ரூபாய் அளவில் நிற்கும்போது அது என்ன தொகை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். விசா விண்ணப்பத்துக்கு 185 டொலர், மறுத்தாலும் திரும்பி வராது. நேர்முகத்துக்குக் கொழும்பு போக வேண்டும். இதையெல்லாம் சமாளித்தாலும் காலம் இடிக்கும். அவர்களுடைய கோடை ஜூனிலேயே தொடங்கிவிடும், நமக்கு அது இரண்டாம் தவணை. உயர்தர வகுப்பில் மூன்று வாரம் விட்டுப் பிடிப்பது லேசான வேலை இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய பல்கலைக்கழகத்தின் படத்தைப் போட்ட விளம்பரம் எல்லாம் அந்தப் பல்கலைக்கழகத்துடையது அல்ல. கோடையில் காலியாகும் வகுப்பறைகளையும் விடுதியையும் வாடகைக்கு எடுத்து முகாம் நடத்தும் கம்பனிகள் நிறைய உண்டு. "உங்கள் பிள்ளை தெரிவு செய்யப்பட்டுள்ளது" என்று, விண்ணப்பிக்காமலே ஒரு கடிதம் வந்தால் அது பெரும்பாலும் கட்டணம் கேட்கும் கடிதம். பல்கலைக்கழகத்தின் சொந்த இணையத்தளத்தில் அந்த வகுப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைப் பற்றிப் பேசுங்கள்.

ஒன்லைன் முகாம் மலிவு, விசாவும் வேண்டாம். ஆனால் கோடையில் வோர்ட்டன் இருக்கும் பிலடெல்பியாவுக்கும் நமக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். அங்கே காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30, அது பரவாயில்லை. அங்கே மாலை 5 மணிக்குக் குழு வேலை வைத்தால் நமக்கு இரவு 2.30. சேருமுன் நேர அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் பிள்ளைக்கு இது நல்ல வாய்ப்பு. தயங்கும் பிள்ளை கமெராவை மூடிவைத்துவிட்டு மூலையில் இருந்துவிடும். நேரடி முகாமில் ஒரு பிள்ளை ஒதுங்கி இருந்தால் யாராவது கண்டுபிடிப்பார்கள், சூமில் அது நடப்பதில்லை.

காசே இல்லாமல் வோர்ட்டனைத் தொட ஒரு வழி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. அவர்களுடைய உலகளாவிய உயர்பாடசாலை முதலீட்டுப் போட்டிக்குக் கட்டணம் கிடையாது. நான்கு முதல் ஏழு மாணவர், வழிகாட்ட ஓர் ஆசிரியர் இருந்தால் ஒரு குழு ஆயிற்று. கற்பனைப் பணத்தைப் பங்குகளில் போட வேண்டும். ஆனால் யார் அதிகம் பெருக்கினார் என்பதை வைத்து வெற்றி இல்லை, ஏன் அந்தப் பங்கை வாங்கினோம் என்று எழுதும் திட்டத்துக்குத்தான் மதிப்பு. பிள்ளை எழுதியும் சிந்தித்தும் பழகுகிறது. என் முதல் கேள்வியில் தோற்றாலும், காசு கொடுத்துச் சேரும் பல ஒன்லைன் முகாம்களை விட இது மேல் என்பேன்.

உள்ளூர்ப் பக்கம் வருவோம். ரொட்டறி என்ற சேவைக் கழகத்தின் இளைஞர் தலைமைத்துவ முகாம் 14 வயது முதல் 30 வயது வரையானோருக்கு, சில நாட்கள் நடக்கும். செலவைப் பெரும்பாலும் கழகமே பொறுப்பெடுக்கும். கூச்சம் தெளிய நல்லது, ஆனால் சில நாட்களோடு முடிந்துவிடும். தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் நடத்தும் எடின்பரோ கோமகன் விருது இதற்கு நேர் எதிர். வெண்கலத்துக்கே குறைந்தது ஆறு மாதம் சேவை, விளையாட்டு, திறன் என்று தொடர்ந்து செய்ய வேண்டும். என் மூன்றாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறு எதிலும் இல்லை. தொழில்நுட்பத்தில் நாட்டம் உள்ள பிள்ளைக்கு யாழ் ஐ.ரி. ஹப் என்ற தொழில்நுட்ப அமைப்பு நடத்தும் யாழ் கீக் சலேஞ்ச் போட்டியின் கனிஷ்ட பிரிவு பொருத்தம். நடுவர் முன் தன் யோசனையைத் தமிழில் சொல்லி நிற்கலாம்.

தங்கி இருக்கும் முகாம் என்றால், யார் நடத்துகிறார்கள், இரவில் யார் பொறுப்பு என்று இங்கே அம்மாமார் கட்டாயம் கேட்பார்கள். 2011 இல் பல்கலைக்கழகப் புதுமுக மாணவருக்குத் தலைமைத்துவப் பயிற்சி இராணுவ முகாம்களில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத முகாமுக்குப் பிள்ளையை விட வேண்டாம்.

எல்லாவற்றையும் விட என் வாக்கு, பாடசாலையே நடத்தும் சின்னக் கம்பனிக்குத்தான். இந்த முறை புதிதல்ல. 1919 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பு இதைத்தான் செய்தது. மாணவர் பங்கு விற்று மூலதனம் திரட்டுவார்கள், ஒரு பொருளைச் செய்து விற்பார்கள், கடைசியில் கணக்கு முடித்துப் பங்குக்காரருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்துக் கம்பனியை மூடுவார்கள்.

வன்னியில் இதற்கு ஓகஸ்ட்டை விட நல்ல மாதம் இல்லை. பனம்பழம் விழும் காலம். 100 ரூபாய்ப் பங்கு 60 விற்றால் 6,000 ரூபாய் மூலதனம். பனங்காய்ப் பணியாரம் சுட்டு விற்க மா, சீனி, எண்ணெய், பொதியிடும் பை வாங்கலாம். பழம் சும்மா கிடைக்கிறது, இங்கேதான் பாடம் தொடங்குகிறது. பழத்துக்குக் காசு இல்லை என்றவுடன், பிள்ளைகள் தங்கள் உழைப்புக்கும் விலை போட மாட்டார்கள். பழம் பொறுக்கி, களி பிசைந்து, பணியாரம் சுட்ட நேரத்தைக் கூலியாக எழுதச் சொல்லுங்கள். மலிவு என்று நினைத்த பணியாரத்தின் உண்மை விலை அப்போது தெரியும். உணவுப் பொருள் என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். அதுவும் தொழிலின் ஒரு பகுதிதான்.

விற்பதற்கு முன் ஒரு நாள் முறிகண்டிக்குக் கூட்டிப்போங்கள். ஏ9 வீதியில் போகும் வாகனம் பிள்ளையாரைக் கும்பிட நிற்கிறது, வரிசையாகக் கச்சான் கடைகள். எல்லாரும் ஒரே பொருளை விற்கும்போது ஒரு கடைக்கு மட்டும் ஏன் ஆட்கள் போகிறார்கள் என்று அரை நாள் பார்த்துக் குறித்தால், அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத போட்டிப் பாடம். அப்புறம் ஓகஸ்ட் 15 மடு மாதா கோவில் திருவிழா. நாடு முழுவதிலிருந்தும் சனம் வரும், சிங்களம் பேசுவோரும் நிறைய. அனுமதி கிடைத்து அங்கே ஒரு மேசை போட முடிந்தால், பிள்ளை இன்னொரு மொழியில் விலை சொல்ல வேண்டி வரும். "வேண்டாம்" என்பதையும் பல தடவை கேட்கும்.

குறை இல்லாமல் இல்லை. பொறுப்பெடுக்கும் ஆசிரியருக்கு லீவே போய்விடும். காசேடு ஒழுங்காக எழுதாவிட்டால் கடைசியில் சண்டை வரும். வெளியாள் ஒருவர் கணக்கைப் பார்ப்பது நல்லது. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது, அங்கே ஒரு விரிவுரையாளரைக் கேட்டுப் பார்க்கலாம்.

இனித் தெரிவுக்கு வருவோம். சரளமான ஆங்கிலமும் மாமாவின் காசும் இருந்தால், நேரம் ஒத்துவரும் ஒரு ஒன்லைன் வகுப்பை எடுங்கள். வளாக முகாம், வெளிநாட்டில் படிக்கும் முடிவு உறுதியான பிள்ளைக்கு மட்டும். கூச்சம் உள்ள பிள்ளைக்கு ரொட்டறி முகாம், பிறகு கோமகன் விருது. மற்ற எல்லாருக்கும் சின்னக் கம்பனி. மாமாவிடமும் பேசிப் பாருங்கள், ஒரு பிள்ளையை அமெரிக்கா அனுப்பும் காசில் பல பாடசாலைகளின் கம்பனிகளுக்குப் பங்கு வாங்கலாம். அதிபரின் அனுமதியை இரண்டாம் தவணை முடிவதற்குள் எடுத்துவிடுங்கள், லீவு விட்ட பிறகு கையெழுத்துக்கு ஆள் பிடிக்க முடியாது.