மூன்று முறை சமைத்துப் பார்த்த ராஜ்மா

ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிட்டோம். பதினொன்றரைக்கு மகள் பாத்ரூமுக்கு ஓடினாள், அவள் வெளியே வருவதற்குள் கதவுக்கு வெளியே இவர் நிற்கிறார், அவருக்குப் பின்னால் நான். வீட்டில் நாலு பேரில் தப்பித்தது மாமியார் மட்டும்தான், அன்றைக்கு அவருக்கு ரசம் சாதமே போதும் என்று தோன்றியிருக்கிறது, புண்ணியவதி.

காரணம் ஒரு சமையல் செயலி. தாவர உணவு மட்டும், பால் நெய் கிடையாது, வீட்டுச் சமையல் என்று தமிழில் வருகிற கட்டணச் செயலி. பெயர் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

மகள் பெங்களூரில் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் இனிமேல் பால், தயிர், நெய் எதுவும் வேண்டாம் என்றாள். திருச்சியில் தயிர்சாதம் இல்லாமல் ஒரு வீட்டை எப்படி நடத்துவது என்று முதல் நாள் எனக்குக் கோபம்தான், அப்புறம் சரி, பிள்ளை யோசித்துத்தானே சொல்கிறாள் என்று தேட ஆரம்பித்தேன். யூடியூபில் இலவசமாக ஆயிரம் கிடைக்கும்போது ஆண்டுச் சந்தா 1,499 ரூபாய் கட்டியதற்கு ஒரே காரணம், ஒவ்வொரு செய்முறையின் மேலேயும் வட்டமாக ஒரு பச்சை முத்திரை: ‘எங்கள் சமையலறையில் மூன்று முறை சமைத்துப் பார்த்தது’. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘ஊட்டச்சத்து நிபுணர் சரிபார்த்தது’. எந்த நிபுணர், என்ன பெயர், என்ன படிப்பு, ஒன்றும் இல்லை. அப்போது அது கண்ணில் படவில்லை.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். வேர்க்கடலைப் பாலில் உறை ஊற்றிய தயிர் நன்றாகவே வந்தது, மாமியாரே இன்னொரு கரண்டி கேட்டார். ஆனால் இப்போது யோசித்தால் முதல் வாரத்திலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஒரு குருமாவில் ‘3 பூண்டு கிராம்பு’ என்று இருந்தது. மூன்று பல் பூண்டு என்பதைத்தான் ஆங்கிலத்திலிருந்து இயந்திரத்தில் போட்டு எடுத்திருக்கிறார்கள். இன்னொன்றில் ‘சிறுநீரக பீன்ஸ் ஒரு கப்’, கிட்னி பீன்ஸ், அதாவது ராஜ்மாவைத்தான் அப்படி ஆக்கியிருக்கிறார்கள். நானும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்று முறை சமைத்துப் பார்த்தவர்கள் மூன்று முறையும் பூண்டுக்குப் பதில் கிராம்பையா போட்டார்கள் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் 1,499 ரூபாயில் போயிருக்கும்.

பெருங்காயம் போட்ட சாம்பாருக்கு ‘குளூட்டன் இல்லாதது’ என்று ஒரு அடையாளம் வேறு. கடையில் நாம் வாங்குவது கூட்டுப் பெருங்காயம், அதில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பார்த்தாலே எழுதியிருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த அடையாளத்தை நம்பினால் கதி என்ன? ஒரு தேங்காய்ப்பால் பாயசத்தில் கடைசி வரி ‘நெய்யில் வறுத்த முந்திரி தூவவும்’. இதுதான் தாவர உணவு.

சரி, ராஜ்மாவுக்கு வருகிறேன். ‘வேலைக்குப் போகிறவர்களுக்கான ராஜ்மா மசாலா’ என்று தலைப்பு. ஊறவைக்கத் தேவையில்லை, காலையில் ராஜ்மா, வெங்காயம், தக்காளி, மசாலா எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஸ்லோ குக் மோடில் 8 மணி நேரம் வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்புங்கள் என்று இருந்தது. ‘எங்கள் சமையலறையில் இருப்பது இதுதான்’ என்று ஒரு மின்சார மல்டி குக்கருக்கு இணைப்பும் கொடுத்திருந்தார்கள், அதையும் வாங்கித் தொலைத்தேன், 6,800 ரூபாய். அந்த இணைப்பில் வாங்கினால் அவர்களுக்குக் கமிஷன் போகும் என்று எங்கேயும் எழுதவில்லை. ஆதாயம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைத்தால் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

சாயந்தரம் மூடியைத் திறந்தபோது வாசனை பிரமாதம். தோல் உடையாமல் பளபளவென்று இருந்தது. கடித்தால் வெளியே மாவாக இருக்கிறது, நடுவில் மட்டும் லேசாக நறுக்கென்றது. படத்திலும் இப்படி முழுசு முழுசாகத்தானே இருக்கிறது என்று பரிமாறிவிட்டேன்.

மறுநாள் டாக்டர் முதலில் கேட்டதே, “என்ன பயறு, எப்படி வேகவச்சீங்க?” என்றுதான். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற புரத வகையைச் சேர்ந்த ஒரு நஞ்சு இயற்கையாகவே இருக்கிறது, பைட்டோஹீமக்ளூட்டினின் என்று பெயர். பச்சையாக நாலைந்து கொட்டை உள்ளே போனாலே வாந்தி வரவைக்கும், சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் தொடங்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க விட்டால் அழிந்துவிடும். பத்து நிமிடக் கொதியே போதும் என்பார்கள், அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) முப்பது நிமிடம் என்கிறது. பிரஷர் குக்கர் நூறு டிகிரியைத் தாண்டிப் போவதால் நம் வீடுகளில் இந்தப் பிரச்சினையே தெரியாமல் இருந்திருக்கிறது. ஆனால் ஸ்லோ குக்கரில் வைத்த குழம்பு பல நேரம் 75 டிகிரியைக்கூடத் தொடாதாம். இதில் கொடுமை என்னவென்றால், 80 டிகிரி வாக்கில் அரைகுறையாக வெந்தது பச்சையைவிட ஐந்து மடங்கு வரை நஞ்சாக இருக்கலாம். அதாவது எட்டு மணி நேரம் மெனக்கெட்டு நான் அதை இன்னும் மோசமாக்கியிருக்கிறேன். போதாக்குறைக்குத் தக்காளியின் புளிப்பு பயறைச் சீக்கிரம் வேக விடாது, முதலிலேயே தக்காளி போடச் சொன்னவர் அந்தக் குழம்பை ஒரு தடவைகூட வைத்திருக்க மாட்டார்.

மாமியார் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “எந்தப் பயறா இருந்தா என்ன, ராத்திரி ஊறப்போட்டு காலையில தண்ணி மாத்தி வேகவைக்கிறதுக்கு உனக்கு செயலி வேணுமாக்கும்” என்றார். பதில் சொல்ல வாயில்லை.

இதுவரை நடந்தது தப்பு, தப்பு யாருக்கும் வரும். அதற்கப்புறம் நடந்ததற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்களுக்கு விவரமாக எழுதினேன், டாக்டர் சீட்டும் அனுப்பினேன். நாலு நாள் கழித்து, ‘சிலருக்குப் பயறு வகைகள் ஒத்துக்கொள்வதில்லை, நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று பதில் வந்தது. அடுத்த வாரம் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன், செய்முறையே மாறியிருக்கிறது. 8 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, பிரஷர் குக்கரில் 6 விசில். படம் பழைய படம், மல்டி குக்கர் அப்படியே பின்னால் நிற்கிறது. தேதி பழைய தேதி. பச்சை முத்திரையும் அப்படியே. முன்பு வேறு மாதிரி இருந்தது, அது ஆபத்து, அப்படிச் செய்யாதீர்கள் என்று ஒரு வரி கிடையாது. என்னிடம் ஸ்கிரீன்ஷாட் இல்லாவிட்டால் நானே தப்பாகப் படித்துவிட்டேன் போல என்று நினைத்திருப்பேன். ஒரு அமைச்சர் பெயரில் எழுத்துப் பிழை வந்தாலே மறுநாள் பத்திரிகையில் ‘திருத்தம்’ என்று கட்டம் போடுகிறார்கள். இது வயிற்றுக்குள் போகிற விஷயம்.

விடாமல் போன் அடித்ததில் ஒரு நாள் ஒரு பையன் எடுத்தான். மூன்று முறை சமைத்துப் பார்ப்பது யார் என்று கேட்டேன். “மேடம், ரெசிபி எல்லாம் வெளியில இருந்து வரும், நாங்க மொழிபெயர்த்துப் போடுவோம்.” அப்போ உங்கள் சமையலறை? “ஸ்டூடியோ இருக்கு மேடம், போட்டோவுக்கு.” அவன் மேல் கோபம் வரவில்லை, உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

இன்னொன்று, பால் தொடாதவர்கள் கட்டாயம் கவனியுங்கள். அதே செயலியில், தினமும் பழைய சோறும் ஸ்பைருலினா என்கிற பாசிப் பொடியும் எடுத்தால் வைட்டமின் பி12 மாத்திரை தேவையில்லை என்று ஒரு கட்டுரை இன்னமும் இருக்கிறது. ஸ்பைருலினாவில் இருக்கிற பி12-இல் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். பழைய சோற்றையும் பி12க்காக நம்ப முடியாது. மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ எடுத்துத்தான் ஆக வேண்டும். பி12 குறைந்தால் உடனே தெரியாது, வருஷக்கணக்கில் ஓடி நரம்பில் கை வைக்கும். ராஜ்மாவாவது இரண்டு மணி நேரத்தில் காட்டிக்கொடுத்தது. மகளுக்கு டாக்டரைக் கேட்டு மாத்திரை ஆரம்பித்துவிட்டோம்.

பணம் திரும்ப வரவில்லை. சந்தாவை ரத்து செய்ய அந்தச் செயலிக்குள் எனக்கு வழியே கிடைக்கவில்லை, மெயில் அனுப்பு என்கிறது, அனுப்பினால் மூன்று மாதம் இலவசமாகத் தருகிறோம் என்கிறார்கள். இப்படி உள்ளே இழுத்துவிட்டு வெளியே விடாத சந்தா வலையை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் நேரடியாகவே தடை செய்திருக்கிறது. கடைசியில் யூபிஐ செயலிக்குள் போய் ஆட்டோபே பகுதியில் நானே நிறுத்தினேன், இரண்டு நிமிட வேலை, அவர்களைக் கெஞ்ச வேண்டியதே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915, கூப்பிட்டுப் புகார் பதிந்தாயிற்று. ஸ்கிரீன்ஷாட் இரண்டையும், பழையது புதியது, சேர்த்தே அனுப்பியிருக்கிறேன்.

அந்தச் செய்முறையைச் செயலியில் இப்போது தேடினால் ஒழுங்காகத்தான் இருக்கும். யாராவது முன்பே படம் எடுத்து வைத்திருந்தால், அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தால், வாட்ஸாப்பில் யாருக்காவது அனுப்பியிருந்தால், ‘ஊறவைக்கத் தேவையில்லை’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். நான் அனுப்பியது ஒன்பது பேருக்கு. எட்டுப் பேரிடம் பேசிவிட்டேன், துபாயில் இருக்கிற நாத்தனார் மட்டும் இன்னும் போனை எடுக்கவில்லை.