பீவோ பில்ஸ்: சுவைத்து மதிப்பெண் போட்ட விவரம்

கலிஃபோர்னியாவின் பாசோ ரோபிள்ஸ் நகரில் உள்ள ஃபயர்ஸ்டோன் வாக்கர் ப்ரூவரி (பீர் ஆலை) காய்ச்சும் பில்ஸ்னர், அதாவது வெளிர் பொன்னிற பீர் வகையைச் சேர்ந்த பீவோ பில்ஸுக்கு எங்கள் குழு கொடுத்தது 50க்கு 41. அளவுகோலாகப் பக்கத்தில் வைத்த செக் நாட்டு பில்ஸ்னர் உர்க்கெலுக்கு 39. பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பீர் ஜட்ஜ் சர்ட்டிஃபிகேஷன் ப்ரோக்ராம் வகுத்த முறையையே பின்பற்றினோம். அதில் வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. 38இலிருந்து 44 வரை 'மிகச் சிறப்பு' என்ற வகுப்பில் வரும். இரண்டுமே அதில் அடங்கிவிட்டன, ஆனால் வெவ்வேறு காரணங்களுக்காக.

பீவோ மதிப்பெண்ணை அள்ளியது வாசனையில்: 12க்கு 11. உர்க்கெல் 8. கிளாஸை மூக்கருகே கொண்டுபோகும் முன்பே பூ வாசம் வருகிறது. அடுத்து எலுமிச்சைத் தோல், கொஞ்சம் பச்சைப்புல், கடைசியில் மெலிதான மிளகு. இதற்குக் காரணம் டிரை ஹாப்பிங். கொதிக்கும்போது போடும் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) கசப்பைத் தரும், ஆனால் அதன் நறுமண எண்ணெய் ஆவியோடு போய்விடும். நொதித்தபின் குளிர்ந்த பீரில் ஹாப்ஸை ஊறவிட்டால் அந்த எண்ணெய் பீரிலேயே தங்குகிறது, கசப்பு பெரிதாகக் கூடுவதில்லை. பீவோவில் கசப்புக்கு மேக்னம், பின்னால் ஸ்பால்டர் செலக்ட், ஊறப்போட சஃபீர் என்று மூன்றும் ஜெர்மன் ஹாப்ஸ். ஆல்கஹால் 5.3 சதவீதம், கசப்பு அலகு 40.

பில்ஸ்னரை இப்படி ஊறவைக்கும் வழக்கத்துக்கு முன்னோடி இத்தாலி. அங்குள்ள பிரிஃபிச்சோ இத்தாலியானோ ப்ரூவரியில் அகொஸ்தினோ அரியோலி 1996இல் கொண்டுவந்த டீப்போபில்ஸ் என்ற பில்ஸ்னரைச் சுவைத்த உந்துதலில்தான் ஃபயர்ஸ்டோன் வாக்கரின் தலைமை ப்ரூவர் மேட் ப்ரினில்ட்சன் பீவோவை வடிவமைத்தார். கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலில் ஜெர்மன் பாணி பில்ஸ்னர் பிரிவில் 2013, 2014, 2015 என்று தொடர்ந்து மூன்று வருடம் அதற்குத் தங்கம். வாசனையைப் பொறுத்தவரை அந்தத் தங்கங்களுக்கு அது முழுத் தகுதி உடையது.

சுவையில் உர்க்கெல் ஒரு புள்ளி முந்தியது: உர்க்கெல் 17, பீவோ 16. பில்சென் நகரில் 1842இல் ஜோசஃப் க்ரோல் காய்ச்சிய அந்த பீரில் இன்றும் மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வெந்நீரையும் சேர்த்த மாவுக் கலவையின் ஒரு பங்கை வெளியே எடுத்துக் கொதிக்கவைத்து மறுபடி சேர்க்கிறார்கள், அதுவும் மூன்று முறை. ரொட்டியின் மேல்தோல் போன்ற அந்த ஆழம் அங்கிருந்து வருகிறது. 4.4 சதவீத ஆல்கஹாலில் அவ்வளவு மால்ட் சுவை இருப்பது பெரிய விஷயம். உர்க்கெலில் லேசாக வெண்ணெய் வாசமும் உண்டு. செக் பாணியில் அது சிறிதளவு அனுமதிக்கப்பட்டதுதான், குறையாகக் கணக்கிடக்கூடாது. பீவோவின் மால்ட் மெலிது, பிஸ்கட் போல ஒரு சாயல் தெரிந்து உடனே விலகிவிடும், முடிவு நன்றாக உலர்ந்திருக்கும். பாணி கேட்பதும் அதைத்தான். கசப்பு நாவின் பின்பகுதியில் நின்று மெதுவாக இறங்குகிறது, தொண்டையைக் கீறுவதில்லை.

தோற்றத்தில் இரண்டுக்கும் முழு மதிப்பெண், வாயில் உணரும் தன்மையில் இரண்டுக்கும் 4, மொத்த அபிப்பிராயத்தில் இரண்டுக்கும் 7.

இந்த எண்களை நம்ப வேண்டுமானால் ஊற்றும் முறை சரியாக இருக்க வேண்டும். நண்பர்கள் கூடிச் சுவைக்கும்போது பெரும்பாலும் கெடுவது கிளாஸில்தான். சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ ஒரு துளி இருந்தாலும் நுரை சரிந்துவிடும். கழுவிய கிளாஸை நனைத்து உள்ளே உப்பைத் தூவிப் பாருங்கள். சுற்றிலும் சமமாக ஒட்டினால் சுத்தம், திட்டுத்திட்டாக ஒட்டினால் மறுபடி கழுவ வேண்டும். ஃப்ரீசரில் வைத்த கிளாஸ் வேண்டவே வேண்டாம். பனித்துகள் நுரையைக் கிளப்பிவிடும், அந்தக் குளிர் வாசனையை அமுக்கிவிடும். பீர் 6 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். கிளாஸைச் சாய்த்துப் பாதிவரை ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் மூன்று சென்டிமீட்டர் நுரை எழும்.

ஒருவர் மறைவாக ஊற்றி எண் ஒட்ட வேண்டும், மற்றவர்களுக்குப் பெயர் தெரியக்கூடாது. ஆளுக்கு 100 மில்லி போதும். எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது, இதில் மட்டும் கறாராக இருங்கள். 'எலுமிச்சை' என்று ஒருவர் சொல்லிவிட்டால் எல்லோருடைய மூக்கிலும் எலுமிச்சை வந்துவிடும். இடையில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும், காரத் தின்பண்டம் எல்லாம் முடிந்த பிறகு. குழுவால் உண்மையிலேயே வித்தியாசம் காண முடிகிறதா என்று பார்க்க மூன்று கிளாஸ் சோதனை செய்யலாம்: இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. குருட்டாம்போக்கில் ஒருவர் சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு. நான்கு பேரும் சரியாகச் சொன்னால் அது தற்செயலாக இருக்க 81இல் ஒரு வாய்ப்புதான்.

கிளாஸ் 12 டிகிரிக்குச் சூடேறியதும் இன்னொரு முறை முகர்வது அவசியம். குளிரில் ஒளிந்திருந்த குறைகள் அப்போதுதான் வெளியே வரும். பில்ஸ்னரில் அவற்றை மூடிமறைக்க வறுத்த மால்ட்டோ பழ வாசமோ கிடையாது. வேகவைத்த சோள வாசம் வந்தால் டைமெத்தில் சல்ஃபைடு: வெளிர் மால்ட்டில் இருக்கும் மூலப்பொருள் கொதிக்கும்போது இதுவாக மாறி ஆவியில் போக வேண்டும். போதிய நேரம் கொதிக்காவிட்டாலோ, பிறகு குளிர்விக்கத் தாமதமானாலோ தங்கிவிடும். கெட்டியான வெண்ணெய் வாசம் டைஅசிடைல்: ஈஸ்ட் தானே உண்டாக்கியதைத் திரும்ப உறிஞ்ச நேரம் தராமல் அவசரமாகக் குளிரவைத்ததன் விளைவு. பச்சை ஆப்பிள் வாசமும் பக்குவப்படாத பீரின் அடையாளமே. குமட்டும் கந்தக நாற்றம் வந்தால் ப்ரூவரைக் குறைசொல்ல வேண்டாம். ஹாப்ஸின் கசப்புப் பொருள்மீது வெளிச்சம் பட்டு வருவது அது. பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் வெளிச்சத்தைத் தடுப்பதில்லை, நேர் வெயிலில் சில நிமிடமே போதும். அதனால் கேனாக வாங்குங்கள், இல்லாவிட்டால் பழுப்பு பாட்டில்.

பீவோ போன்ற டிரை ஹாப் பில்ஸ்னரில் நாள்பட முதலில் போவது அந்தப் பூ வாசம்தான், பிறகுதான் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் தலைகாட்டும். எங்கள் 41 புதிய, குளிரிலேயே இருந்த கேனுக்கு மட்டும் பொருந்தும். அடைத்த தேதி மூன்று மாதத்தைத் தாண்டியிருந்தாலோ, கடையில் குளிரூட்டாத அலமாரியில் அடுக்கியிருந்தாலோ அன்றைக்கு உர்க்கெலையே எடுங்கள். அதன் மால்ட் பலம் அவ்வளவு சீக்கிரம் கைவிடாது.